உன் மகள் என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்

என் கனகம் அக்காவுக்கு,

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று முதல் வரியை எழுதிவிட்டேன். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று அடுத்த வரி தானாக வந்தது, கையை நிறுத்திக்கொண்டேன். கீழப்பழுவூரில் இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது எழுதுகிறேன் பார், தபால்காரன் போகாத ஊருக்கு.

நீ வரவேண்டிய ஊருக்கு நான் வந்து சேர்ந்துவிட்டேன், அக்கா. உன் புருஷனோடு, உன் பிள்ளையோடு. இப்படி எழுதும்போதே அடுத்தவர் வீட்டில் சொல்லாமல் நுழைந்துவிட்ட மாதிரிக் கூச்சமாக இருக்கிறது.

ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே வேலையில் இருந்த மாமாவிடமிருந்து உனக்கு ஒரு வரி வரவில்லை. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். தாலியைக் கழற்றிவிடச் சொன்ன பெரிய மனுஷியிடம் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அவரு வருவாரு. வந்து என்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போவாரு. நீங்க போயி உங்க அடுப்பப் பாருங்க." அவர் வந்தார். தையல்நாயகி பிறந்தாள். உங்களுக்கு வீடு பார்க்கிறேன் என்று அவர் முன்னால் கப்பலேறினார். நீ டிரங்குப் பெட்டியை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாய். அந்தக் காய்ச்சல் வந்தது. மூச்சு முட்டிக் கிடந்தபோதும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ போன சேதி கேட்டு மாமா திரும்பி வந்தார். பிறகு ஊர் கூடிப் பேசியது. அக்கா பிள்ளையைத் தங்கச்சியைவிட யார் நன்றாகப் பார்ப்பார்கள் என்றார்கள். அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். சரி என்றேன். மாமாவுக்காக இல்லை, தையுவுக்காக. இது மாமாவுக்கும் தெரியும். தாலி கட்டியபிறகும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

அரியலூரில் ரயிலேறி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், நாகப்பட்டினம். அங்கே கப்பல். நீ கேட்டுக் கேட்டு ஆசைப்பட்ட கப்பலில் வாந்தி நாற்றம்தான் அதிகம், அக்கா. தளத்தில் பாய் விரித்து ஆடும் மாடும் மாதிரிக் கிடந்தோம். தையு மட்டும் ராணி மாதிரி இருந்தாள். ஒவ்வொரு பாயாகப் போய் முறுக்கு வாங்கித் தின்றாள்.

பினாங்கில் இறங்கி, மறுபடி ரயிலில் தெற்கே வந்தோம். மாமாவுக்குத் தண்டவாளத்தைச் சாலை கடக்கும் இடத்தில் கேட்டு மூடித் திறக்கிற வேலை. வீடும் கேட்டுக்குப் பக்கத்திலேயே. நல்ல வீடுதான், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பலகை வீடு. ஆனால் ஒரே வீடு. டவுனும் தமிழ் ஆட்கள் குடியிருக்கிற வரிசையும் தூரத்தில் இருக்கின்றன. காட்டுக்குள் இப்போது ஏதோ சண்டை, இருட்டினால் வெளியில் தலை காட்டக்கூடாது என்கிறார்கள். பகலிலும் யார் வருகிறார்கள்? ரயில் வருகிறது. அதில் போகிறவர்கள் நம் வீட்டைப் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்க்கிறேன், அதோடு சரி.

மழையைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டாய். நம் ஊரில் ஒரு மழைக்கு எத்தனை பொங்கல் வைப்போம். இங்கே மத்தியானமானால் கேட்காமலே கொட்டுகிறது. தையுவின் பாவாடை காய்வதில்லை. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வெங்காய வடகம் பூசணம் பிடித்துவிட்டது. அதைக் கொட்டிய அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். மாமா என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். வடகத்துக்கா அழுகிறாய் என்று கேட்டார். ஆமாம், வடகத்துக்குத்தான் என்றேன். வேறு என்ன சொல்வது?

மாமா நல்லவர். ஆனால் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் இல்லை. அந்த நாலில் இரண்டு ரயிலைப் பற்றி. உன்னிடமும் இப்படித்தானா? இதை நான் உன்னிடம் கேட்டதே இல்லை.

பேச்சுக்கு எனக்கு இருக்கிற ஒரே ஆள் உன் மகள்தான். அவளோ என்னை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கீரைத் தோட்டம் போட்டிருக்கிற சீனத்திக்கு இவள் வயதில் ஒரு பிள்ளை. இரண்டும் சேற்றில் உட்கார்ந்து விளையாடும். போன மாதம்வரை "மம்மு" என்று கேட்டவள் இப்போது "மாக்கான்" என்கிறாள். மலாயில் சாப்பாட்டுக்கு அப்படிச் சொல்வார்களாம், மாமா சொன்னார். எனக்கு இந்த ஊர் பிடிபடுவதற்கு முன்னால் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அவள் பேசுவதே எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அவள் முதலில் பேசிய வார்த்தை அம்மா. உன்னைப் பார்த்துச் சொன்னாள். நீ போனபிறகு அந்த வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. கப்பலில் ஒரு நாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து "அம்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா இல்லடி, சின்னம்மா. சின்னம்மா சொல்லு" என்றேன். சொன்னாள். மறுபடி தப்பாகச் சொன்னாள், மறுபடி திருத்தினேன். நாகப்பட்டினத்தில் ஏறினபோது தத்தித் தத்திப் பேசியவள், பினாங்கில் இறங்கும்போது சின்னம்மா என்று சுத்தமாகச் சொன்னாள்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள், நாலு வார்த்தைக் கணக்கையும் மீறிப் பேசினார். "வளக்கிறவ நீ. அம்மான்னு கூப்புட்டுட்டுப் போவட்டுமே. கனகத்தப் பெரியம்மான்னு சொல்லிக் குடு. மொறையும் கெடாது."

முறை கெடாதுதான். எனக்கு அக்கா, அவளுக்குப் பெரியம்மா. ஆனால் பெற்றவளைப் பெரியம்மா ஆக்குவதற்கு நான் யார்? "அக்காவோட வூடு, அக்காவோட புருஷன், அக்காவோட சீலைய வேற கட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்த ஒரு வார்த்தையாவது அவளுக்கு இருக்கட்டும்" என்றேன். மாமா எழுந்து கேட்டுக்குப் போய்விட்டார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், உனக்குத் தெரியாததா.

அப்புறம் தையுவுக்கு இருமல் வந்தது. முதலில் சாதாரணச் சளி என்று நினைத்துத் துளசியும் மிளகும் கொடுத்தேன். ஒரு நாள் காலையில் மூச்சிழுக்கும்போது விலா உள்ளே போனது. நீ கிடந்த கிடை கண்முன் வந்தது, அக்கா. மாமா கேட்டை விட்டு வரமுடியாது. சீனத்தி தன் காய்கறி வண்டிக்காரனை நிறுத்தி, கீரைக் கட்டுகளுக்கு நடுவில் எங்களை ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

அங்கே டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார், டாக்டருக்கு அடுத்தபடி நின்று வைத்தியம் பார்க்கிறவர். யாழ்ப்பாணத்துத் தமிழர், வயதானவர், அதட்டாத மனுஷர். தமிழைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து உன் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "சின்னம்மா, சின்னம்மா" என்று முனகினாள்.

"பிள்ளை உங்களைச் சின்னம்மா எண்டு கூப்பிடுது. அப்ப தாய் எங்கை?" என்று கேட்டார்.

"தவறிட்டாங்க" என்றேன்.

"தாய் எண்டாத்தான் வார்டுக்குள்ள நிக்கலாம், பிள்ளை. இஞ்சத்தை ஒழுங்கு அது. நாளைக்குப் பின்னேரம் வந்து பாருங்கோ."

நான்தான் தாய் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்ல வாய் வரவில்லை. நர்ஸ் அவளை என் இடுப்பிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனாள். நான் வெளித் தாழ்வாரத்தில் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக வழி தெரியாது, தெரிந்தாலும் போகிற எண்ணமில்லை.

உள்ளே அவளுக்கு ஊசி போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அவள் கத்தினாள். "அம்மா, அம்மா" என்று கத்தினாள். வலித்தால் யாரும் அம்மா என்றுதான் கத்துவார்கள், கிழவனும் கத்துவான். ஆனால் அவள் யாரைக் கூப்பிடுகிறாள்? உன்னையா? கப்பலில் நான் வேண்டாமென்று சொன்னதை மறந்து என்னையா? சுவரைப் பிடித்துக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டு நின்றேன். போகலாமா கூடாதா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சீன நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சின்னப் பெண். நேரே என்னைப் பார்த்து, "ஆமா?" என்று கேட்டாள்.

பாவம், நமக்காக ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தேன். "இந்தப் பிள்ளையோட வந்தவதானே?" என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "ஆமா" என்றேன். தலையை வேறு பலமாக ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்து விறுவிறுவென்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்தாள். தையு என் மடியில் முகத்தை வைத்து, விக்கி விக்கித் தூங்கிப்போனாள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் டிரஸ்ஸர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். நர்ஸிடம் ஏதோ கேட்டார். அவள் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பிள்ளை அம்மா அம்மா எண்டு அழுதது இவவுக்கு ஆமா ஆமா எண்டு கேட்டிருக்கு. இஞ்ச ஆமா எண்டா பிள்ளை வளக்கிற வேலைக்காரி. வெள்ளைக்காரர் வீட்டில எல்லாம் வைச்சிருப்பினம். தாய் இல்லாத இடத்தில ஆமாவையும் பிள்ளையோட வார்டில நிக்க விடுறதுதான். நீங்க ஆமாவோ எண்டு கேட்டிருக்கிறா. நீங்களும் ஆமா எண்டு சொல்லிப்போட்டீங்கள்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பிடி இல்லையெண்டு சொல்லி விடட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டுங்க" என்றேன்.

மனுஷர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இருமல் தெளிகிறவரை அந்த வார்டில் உன் மகளுக்கு வேலைக்காரியாக இருந்தேன். வேலைக்காரி என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தது பார், அதுதான் வம்பு. அவள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வேலைக்காரிக்கு ஆமாம் போட்டவள், தாய்க்கு ஆமாம் போட ஏன் பயந்தேன்? உனக்கு மரியாதை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளையை யாருமில்லாதவளாக ஆக்கி வைத்திருந்தேனோ? நீ எதிரே இருந்தால் என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய்.

இப்போது தேறிவிட்டாள். விலாவில் மறுபடி சதை வைக்கிறது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவளை மடியில் உட்காரவைத்து, "இனிமே என்னை அம்மான்னே கூப்புடுடி" என்றேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சின்னம்மா, மாக்கான்" என்றாள். சோறு பிசைந்து கொடுத்தேன். பழக்கியவள் நான், அவளை என்ன சொல்வது? மாமா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். நாங்கள் கப்பலை விட்டு இறங்கியபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நேற்று மழை விட்ட நேரத்தில் படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் தேய்ந்துவிட்டது. "அம்மா" என்று ஒரே கத்தல். நான் அடுப்படியில் இருந்தேன். பழைய நினைப்பு ஒரு நிமிஷம் காலைக் கட்டியது. அப்புறம் ஓடினேன்.

அக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ அவளைப் பெற்ற கதையையும் காத்திருந்த கதையையும் அவளுக்குப் புரிகிற வயதில் நானே சொல்வேன், ஒன்றையும் மறைக்கமாட்டேன். அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி. ஆனால் அம்மா என்று அவள் அழுதால், யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டு இனி நிற்கமாட்டேன். என்னைக் கூப்பிட்டாலும் போவேன். உன்னைக் கூப்பிட்டாலும் நான்தான் போவேன். உன்னால் வரமுடியாதே.

உன் கூடப்பிறந்தவள்,
மீனாட்சி