எழுந்து சிரிக்கிற ஷாட்

பிப்ரவரி 6, 1979. செவ்வாய்

புளி உலுக்க வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. ஃபாரஸ்ட் பங்களாவின் பின்பக்கம் இரண்டு ஓடுகளைக் குரங்கு உடைத்துவிட்டது. ரேஞ்சருக்கு மூன்றாவது தடவையாக எழுத வேண்டும்.

சாயங்காலத் தபாலில் எனக்கு ஒரு கடிதம். இங்கிலாந்து தபால்தலை. மெரிடன் துரை இந்த மாதக் கடைசியில் வருகிறாராம். மனுஷன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாரா! இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பங்களாவில் தங்கி, இந்த மலையில் படம் எடுத்த டைரக்டர். இப்போது எடுக்க வரவில்லையாம். சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறாராம்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அந்தத் துண்டு ஃபிலிம் எங்கே என்று கேட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி 7

திரௌபதியின் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. இதை யாரிடம் சொல்வது? அதனால்தான் இந்த நோட்டு. போட்டோ கிடையாது. திருப்பத்தூர் ஸ்டூடியோவுக்கு இரண்டு தடவை கிளம்பினோம், இரண்டு தடவையும் பஸ் வரவில்லை. இன்று காலை அடுப்படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தாள்? இடதா, வலதா? தெரியவில்லை. கட்டின புருஷனுக்கே தெரியவில்லை. தூ.

துரையின் அந்தப் படத்தில் ஒரு மலைப்பெண் செத்துக் கிடக்க வேண்டும். ஊரில் ஒருத்தியும் பாடையில் படுக்க ஒப்பவில்லை. நான்தான் பங்களா வாட்ச்மேன், எட்டாவது படித்தவன், துரை பேசுவதை எல்லோருக்கும் தமிழில் சொல்கிறவன். பெரிய மனுஷன் என்று நினைப்பு. என் பெண்டாட்டி படுப்பாள் என்று சொல்லிவிட்டேன். அவளும் படுத்தாள். ஒரு தடவைதான் எடுத்தார்கள், அதற்குள் என் மாமியார் செல்லி ஓடிவந்து அவளைப் பாடையிலிருந்து இழுத்துவிட்டாள். மறுபடி படுக்க விடமாட்டேன் என்று ஒரே கூச்சல்.

மெட்ராஸிலிருந்து வந்த மேக்கப்மேன் கோபால்சாமிதான் சமாதானம் சொன்னார். பிணமாக நடித்தவர்கள் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும், பூசணிக்காய் உடைக்க வேண்டும். சாவோடு நிறுத்தக் கூடாது, எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம் என்றார். துரை முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு சரி என்றார். பூசணிக்காய் உடைக்க என்னை அனுப்பினார்கள். உடைத்துவிட்டுத் திரும்பும்போது திரௌபதி பாடைமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறு வருஷம் ஐப்பசியில் காய்ச்சல் வந்து, நாலே நாளில் போய்விட்டாள். சாவு வீட்டில் செல்லி அத்தையிடம் சொன்னேன். கழிக்க வேண்டிய தோஷத்தைக் கழித்தோம் அத்தை, அவள் எழுந்து சிரித்ததையும் படம் பிடித்தார்கள், பாடையில் படுத்ததால் வந்த சாவு இல்லை. அத்தை என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறாள்.

ஆனால் அந்தச் சிரிப்பு எங்கேயோ ஒரு டப்பாவில் இருக்கிறது. இத்தனை வருஷம் அதை நினைத்துத்தான் ஓட்டினேன்.

பிப்ரவரி 27

வந்துவிட்டார். ஆறடி ஆள், இப்போது கைத்தடி. பஸ்ஸிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. என் பெயர் அன்றைக்கும் அவர் வாயில் நுழையாது. கண்ணாயிரத்தை 'கானா' ஆக்கிவிட்டார். இன்றைக்கும் கானாதான்.

இன்று கேட்கவில்லை. வந்த அன்றே கேட்பது மரியாதை இல்லை.

மார்ச் 1

பகல் முழுக்கத் தன் கதையைச் சொன்னார். பதினாறு வயதில் ஸ்டூடியோவில் விளக்குத் தூக்கப் போனாராம். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காகப் படம் பிடித்தாராம். சண்டை முடிந்த பிறகு எடுத்த மூன்று படங்களுக்கும் லண்டனில் மழையில் நின்று டிக்கெட் வாங்கினார்களாம். நாலாவது எங்கள் மலைப் படம்.

அதோடு எல்லாம் போயிற்று. ஏன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். பிணம் மூச்சு விட்டதாம். மார்பு ஏறி இறங்குவது பெரிய திரையில் நன்றாகத் தெரிந்ததாம். சோகக் காட்சியில் தியேட்டரே சிரித்ததாம். இந்தப் படத்தில் உயிரோடு இருப்பது பிணம் ஒன்றுதான் என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதினானாம். வேறு ஷாட் இல்லை, அதை வெட்டினால் கதை புரியாது, அப்படியே விட்டேன் என்றார். பிறகு ஒருவரும் படம் கொடுக்கவில்லை. சோப்பு விளம்பரம் எடுத்தார். பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள். இப்போது கடலோர ஊரில் தங்கை வீட்டில் ஓர் அறை.

என் பெண்டாட்டியின் மூச்சால் இந்த மனுஷன் பிழைப்பு போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. நாளைக்குக் கேட்டுவிடுவேன்.

மார்ச் 2

கேட்டேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்தார். எந்தச் சிரிப்பு என்றார். பூசணிக்காய் உடைத்தோமே என்றேன். பிறகு சொன்னார்: கானா, அப்போது கேமரா ஓடவில்லை. கேமராமேனுக்குக் கண்ணைக் காட்டினேன், அவன் சும்மா குனிந்து நின்றான். ஃபிலிம் கப்பலில் வர வேண்டும், குறைவாக இருந்தது. உங்கள் மனசுக்குத் திருப்தியானால் போதும் என்று நினைத்தேன்.

ஓடல. ஓடவே இல்ல. சும்மா நின்னாங்களாம். நான் அங்க மடையன் மாதிரி பூசணிக்காய ஒடச்சிகினு இருந்தேன். எவ்ளோ நல்லா சிரிச்சா. எதப் பாத்து சிரிச்சா அவ? வெறும் பொட்டியப் பாத்தா?

இருபத்து மூணு வருஷம்டா கண்ணாயிரம். இல்லாத ஒண்ண நெனச்சிகினு.

மார்ச் 3

காலையில் வெந்நீர் வைக்கவில்லை. துரை தானே அடுப்பு மூட்டப் பார்த்து, புகையில் இருமினார். போய் மூட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கண் காட்டினாராம். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி ஃபிலிம் ஆகும்? அதைக்கூடக் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது?

மார்ச் 5

போய்விட்டார். பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்தார். நான் உருவிக்கொண்டேன். படத்தின் காப்பி ஒன்று தங்கையிடம் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார். நீங்கள் சொன்னால் சரி துரை என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன், அவருக்கும் புரிந்தது.

பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னலில் கை அசைத்துக்கொண்டே போனார். நான் அசைக்கவில்லை.

மார்ச் 19

புளி உலுக்கியாயிற்று.

அத்தையை ஓடைப் பக்கம் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். உன் மகளுக்குக் கழிப்பு கழிக்கவில்லை, நான் உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று. எனக்கே தெரியாத பொய் என்றால் நம்புவாளா? திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 11

துரையின் தங்கையிடமிருந்து பார்சல். துரை ஜூனில் இறந்துவிட்டாராம். கடைசியாக எழுதச் சொன்னது கானாவின் விலாசமாம். உள்ளே தகர டப்பா இரண்டு.

கை அசைத்திருக்கலாம்.

அக்டோபர் 30

ஒன்றரை மாதமாக டப்பாக்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. அவளைப் பிணமாகத்தானே பார்க்க வேண்டும்? நிஜமாகவே ஒரு தடவை பார்த்தாயிற்று. போதாதா?

குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்ட செய்தித் துறை ஜீப் அடுத்த வாரம் வருகிறது. அதைச் சொல்ல வந்த ஆபரேட்டர் அர்ச்சுனன் தெரிந்தவர். டப்பாவைப் பார்த்துவிட்டு, நம்ம மெஷினிலேயே ஓடும், போட்டுத் தருகிறேன் என்றார். தலையாட்டிவிட்டேன்.

நவம்பர் 6

இன்று பகல் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். காலையில் முதல் வேலையாக அத்தை வீட்டுக்குப் போனேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா ஓடவில்லை, சிரிப்பைப் பிடிக்கவில்லை, பூசணிக்காய் உடைத்தது வீண், நான் சொன்னது பொய். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

முறம் நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

இருபத்து இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

"மொத தரம் அந்தப் பொட்டி கர்ருனு கத்திச்சு. ரெண்டாந்தரம் சத்தமே இல்ல. நீ காய் ஒடைக்கப் போய்ட்ட. நான் பக்கத்துலதான நின்னேன்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பொண்ணு எழுந்து சிரிச்சிகினு இருந்தா. சொல்லி இன்னா பண்றது? அவ போன அன்னிக்கு நீ வந்து என்னமோ சொன்ன. அத நம்பிகினு இருந்த. இல்லன்னு சொன்னா நீ இன்னா ஆவ? வாயத் தொறந்தா வந்துடும்னுதான் ஒங்கிட்ட பேசறதே இல்ல."

வெறுப்பு என்றே நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும்.

மூன்று மணிக்கு அத்தையும் வந்தாள். ஜன்னலில் கோணிப்பை கட்டியிருந்தார்கள். இங்கிலீஷ் படம், ஒருவருக்கும் புரியவில்லை. நம்ம ஓடை, நம்ம பாறை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு பாடை வந்தது.

திரௌபதி. இருபது வயது. மூக்குத்தி வலது பக்கம்.

மார்பு ஏறியது. இறங்கியது. துரை சொன்னது நிஜம், நன்றாகவே தெரிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். "மூச்சு வுடுது பாருடா" என்றது அந்தக் குரல். லண்டனில் சிரித்த அதே சிரிப்புதான்.

அத்தை எழுந்து திரும்பினாள். "ஆமா, வுடுது. சிரிக்காம பாருங்க" என்றாள். சிரிப்பு நின்றது.

ஏழு மூச்சு. எண்ணினேன். எட்டாவது மூச்சு இழுக்கும்போதே காட்சி மாறிவிட்டது.

நவம்பர் 9

துரைக்கு ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். பிணம் மூச்சு விட்டது நல்லதாயிற்று துரை, வெட்டாமல் விட்டீர்களே. எழுதி முடித்த பிறகுதான் அவர் இல்லை என்பது உறைத்தது. தங்கை விலாசத்தை மேலே எழுதி மடித்து வைத்திருக்கிறேன்.

உச்சிவேளையில் அத்தை வந்தாள். வாசற்படி தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள். சோறு போட்டேன். குழம்பில் உப்பு பத்தலை என்றாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ஜீப்பு மறுபடி எப்ப வருது?"