ஆற்றங்கரைக்கு வந்த உங்கள் கடிதங்கள்

சார்,

நேற்று உங்கள் மகள் குன்னூரிலிருந்து பஸ் ஏறி நடுவட்டம் வந்து, ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்ததும் யூகலிப்டஸ் தைல வாசனை. உள்ளே, போர்முனையிலிருந்து நான் உங்களுக்கு எழுதிய கடிதங்கள்.

பக்கத்து நாட்டு மக்களின் புரட்சிக்குத் துணையாக நம் படை போன காலம். பட்டாலியனுக்கு நீங்கள் தலைவர். அதில் நூற்றிருபது பேர் கொண்ட ஒரு கம்பெனிக்கு நான். வயர்லெஸ்ஸை எதிரி ஒட்டுக்கேட்கிறான் என்று நீங்கள் தமிழில் கடிதம் எழுதி ஆள்வழி அனுப்புவீர்கள். சிக்கினாலும் அவனால் படிக்க முடியாது.

அக்கரையில் எதிரிகள் கொஞ்சம் பேர்தான், உடனே ஆற்றைக் கடக்கிறேன் என்று எழுதினேன். புரட்சிக்காரர்கள் பார்த்து வரட்டும், பொறு என்று பதில் வந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், “உங்களுக்குப் பயமென்றால் சொல்லிவிடுங்கள்” என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கே என் பதவி போயிருக்கலாம்.

அன்று மாலையே உங்கள் பதில் வந்தது. “பயமாத்தான் இருக்குது தம்பி. உன் ஆளுக ஊட்டுக்குச் சாவுச் சேதி எழுத எனக்குக் கை வராது. நில்லு.”

மறுநாள் புரட்சிக்காரர்கள் இருவர் நீந்தி வந்தார்கள். எதிர்க்கரை முழுக்கக் கண்ணிவெடி என்றார்கள். வெடி புதைக்காத ஒரு துறையை, இரண்டு மைல் மேலே காட்டினார்கள். அதன் வழியே கடந்தோம். ஓர் ஆளையும் இழக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவனை நீங்கள் பேசவே விடவில்லை.

டப்பாவின் அடியில், அந்தத் தாமதத்துக்கு மேலிடம் விளக்கம் கேட்ட தாளும் உங்கள் பதிலின் நகலும் இருந்தன. “முடிவு முழுக்க என்னுடையது, கம்பெனித் தலைவர் ஆயத்தமாகவே இருந்தார்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஏன் நின்றது என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

“அப்பாவுக்கு அதுல வருத்தமே இல்லீங்க மாமா” என்றாள் உங்கள் மகள், போனில் கேட்டபோது.

கோபத்தில் எழுதுவதை ஒரு நாள் வைத்திருந்து, மறுபடி படித்துப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் அனுப்புகிறேன். பாதியைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். உங்கள் அந்தப் பதிலால் வந்த பழக்கம்.

இன்று காலை, அந்த நூற்றிருபது பேரில் ஒருவரான இத்தலார் கிராமத்துக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் காத்திருந்தோம் என்பதே அவருக்கு இதுவரை தெரியாது. கேட்டு முடித்ததும், “ஐயாவை எங்கீங்க அடக்கம் பண்ணியிருக்குது?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறோம், சார்.