பேர் வெட்டிய சொம்புகள்

ஆகஸ்ட் 12, இரவு

நான் ஆசையாகச் சேர்த்த பழைய பித்தளைச் சொம்புகளை வாங்கக் காரைக்குடி வியாபாரி இன்று வந்தார். கழுத்தில் வெட்டியிருக்கும் அந்தக்காலத்துப் பெயர்களுக்குத்தான் விலை என்று போனிலேயே சொல்லியிருந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாத்துலயும் ஒங்க பேருதான் சார் இருக்கு,” என்றார்.

என் மனைவி மேரியின் வேலை. நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயிருந்தபோது பாத்திரக்கடையில் கொடுத்து, பழைய பெயர்களைத் தேய்த்து அழித்து, என் பெயரை வெட்டி வாங்கி வந்திருக்கிறாள்.

“வர்றவங்கல்லாம் இது யாரு வீட்டுச் சொம்புன்னு கேக்குறாங்க. எங்கருந்தோ எடுத்துட்டு வந்ததுன்னு ஒங்கள யாரும் பேசிறக் கூடாதுல்ல,” என்றாள்.

திட்டத் திறந்த வாயால் வியாபாரிக்குக் காபி போடச் சொன்னேன். மகளின் காலேஜ் பீஸுக்கு இதைத்தான் நம்பியிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. என் பெயருக்கு எவன் விலை கொடுப்பான்?

படுக்குமுன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒரு சொம்பில்கூட என் இனிஷியலை அவள் விட்டுவிடவில்லை.