கடைசி ரீலில் சாகிறவள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். படம் வெளிவரும் சமயத்தில் உன்னை எந்த நோயும் அண்டாது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது உன் அதிர்ஷ்டம். போனில் என்றால் கத்தியிருப்பேன்; காகிதத்தில் கொஞ்சம் மரியாதையாகத் திட்டலாம்.

உன் கதாநாயகிக்கு முழுப் படமும் டப்பிங் பேசிவிட்டேன், கடைசிக் காட்சியைத் தவிர. அதைப் பேச மாட்டேன். சவுண்ட் இன்ஜினியர், "ஒரே ஒரு டேக் மேடம்" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் யாரென்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அடுத்தவருக்குப் பதில் சொல்கிறவள் நம் குடும்பத்தில் ஒருத்திதான். நாலு வயதுப் பெண்ணை என் மடியில் விட்டுவிட்டு, ஏ.சி. மெக்கானிக்கோடு போன நம் அக்கா. அவளைப் படமெடுப்பது உன் இஷ்டம். ஆனால் என்ன செய்து வைத்திருக்கிறாய்? படத்தில் அந்த மெக்கானிக் அவளை ஏமாற்றுகிறான். அவளுக்கு இருமல் வருகிறது. மழை வேறு. புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லிச் சாகிறாள். அந்தப் புருஷனோ பதினைந்து வருஷமாகத் தாடியோடு உட்கார்ந்திருக்கிறான்! நம் அத்தான் அந்த வருஷமே இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டதும், "பொண்ணை நீங்களே வெச்சுக்கோங்க" என்றதும் உனக்கு மறந்துபோச்சா? உன் படங்களில் தப்பு செய்கிற ஆணுக்குத் தாடி வளர்கிறது. தப்பு செய்கிற பெண்ணுக்குப் பாடை கட்டுகிறார்கள்.

நிஜத்தில் அக்கா இருமக்கூட இல்லை. பியூட்டி பார்லர் நடத்துகிறாள், குண்டாகிவிட்டாள், அந்த மெக்கானிக்கோடு டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

முடிவை மாற்று. முடியாதென்றால் வேறு தொண்டை பார்த்துக்கொள்.

உன் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

தொண்டை சீக்கிரம் குணமாகட்டும். கை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கட்டிக்கொண்டால் நல்லது.

நீ வக்கீலுக்குப் படித்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. யாருக்காக வாதாடுகிறாய்? அக்கா விட்டுப்போன குட்டிக்கு அம்மை போட்டபோது ராத்திரி பகலாக உட்கார்ந்தது நீ. அவளுக்காக, உனக்கு வந்த வரனை வேண்டாமென்று சொன்னதும் நீ. "அவ எங்கயாவது லாரியில அடிபட்டுச் சாகட்டும்"னு அக்காவை நம் வீட்டுச் சமையலறையில் கத்தியதும் நீதான், நானில்லை. நான் லாரிகூட வைக்கவில்லை. நாகரிகமாக இருமலில்தான் கொன்றிருக்கிறேன்.

உனக்குச் சினிமா புரியாது. மைக் முன்னால் நின்று உதட்டசைவுக்கு வாயசைப்பது வேறு, கதை பண்ணுவது வேறு. தப்பு செய்தவள் தண்டனை பெற வேண்டும். வாழ்க்கையில் அவள் தப்பித்துவிட்டாள். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். பார்லர் நடத்துகிற குண்டுப் பெண்மணி ரிமோட் தேடுவதைப் பார்க்க எவன் வருவான்?

கடைசிக் காட்சிக்கு வேறொரு பெண்ணைப் பேசவைத்துவிட்டேன். இருபது நிமிஷத்தில் முடித்தாள், அழுகை உட்பட. உன் குரலுக்கும் அவள் குரலுக்கும் ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதைச் சொன்னால் உனக்கு வலிக்கும் என்று தெரியும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

குட்டியைப் படத்துக்கு அழைத்துப் போ. அவளுக்காகத்தான் எடுத்தேன்.

அண்ணன்

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

படம் ஓடுகிறதாமே, சந்தோஷம். நீ சொன்னபடி குட்டியை அழைத்துப் போனேன். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நம் மூன்று பேரில் மிச்சமிருப்பது நீதானே எனக்கு.

பாதிப் படத்திலேயே அது தன் அம்மா கதை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் உயிரை விட்டதும் பின் வரிசையில் ஒருவர், "வேணும் இவளுக்கு!" என்று கைதட்டினார். அவரோடு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். குட்டி எழுந்து திரும்பி அந்த ஆளைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் நர்சிங் காலேஜ் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், டியூட்டிக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.

உன் சினிமாவாக இருந்தால் வயலின் வாசித்திருப்பாய். அக்கா தலை நிறைய டை பூசிக்கொண்டு கதவைத் திறந்தாளாம். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணக் கூடாதா? யாரு உனக்கு முடி வெட்டினது, இப்படிக் கண்றாவியா?" என்றாளாம். இவளும் சும்மா இருப்பாளா? "உங்க முடி மட்டும் ரொம்ப அழகோ?" என்று ஆரம்பித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சண்டையாம். மெக்கானிக் இரண்டு பேருக்கும் டீ போட்டு வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாராம்.

"ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க?" என்று குட்டி கேட்டிருக்கிறாள்.

அக்கா சொன்னாளாம்: "போகணும்னு இருந்துச்சு, போனேன். தினமும் உன்னை நினைச்சு அழுதேன்னு சொல்லட்டுமா? பொய். சில நாள் அழுதேன். சில நாள் உன்னை மறந்தே போயிட்டேன்."

இதை எப்படிச் சொல்வாள் ஒரு தாய்! என்ன நெஞ்சு அவளுக்கு! ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?

ஆனால் குட்டி வீட்டுக்கு வந்து செருப்பை மூலைக்கொன்றாக உதறினாள். வயிறு முட்டச் சாப்பிட்டாள். "ரொம்ப மோசம் சித்தி அவங்க. நினைச்சதைவிட மோசம்" என்றாள். பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே, "அடுத்த வாரமும் போறேன். இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கு" என்றாள். முகத்தில் எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு.

உன் படத்துப் பெண் செத்ததும் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளிடம் இனி யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அவளும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீ தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது விடுதலை, அண்ணா. இந்தக் குட்டி கொடுக்கப் போகிறாளே வாராவாரம், அதுதான் தண்டனை.

உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேலாவது கோபம் வேண்டாம்.

உன் தங்கை

ஏப்ரல் 26

அன்புத் தங்கைக்கு,

பிரமாதம்! கடிதத்தை நாலு தடவை படித்தேன், நம் அசிஸ்டெண்டுகளுக்கும் படித்துக் காட்டினேன். தலையில் டையோடு கதவைத் திறக்கிறாளே, எனக்கு இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காட்சி தோன்றியதில்லை. பார்த்தாயா, என் படம் இல்லாவிட்டால் குட்டி அந்த வீட்டுப் படியை மிதித்திருப்பாளா? என் முடிவு சரியென்று இப்போதாவது ஒத்துக்கொள்.

தயாரிப்பாளரிடம் அடுத்த படமாகச் சொல்லிவிட்டேன். அந்த "மறந்தே போயிட்டேன்" வசனத்தை அப்படியே வைக்கப் போகிறேன். குட்டி பதிலுக்கு என்ன சொன்னாள் என்பது உன் கடிதத்தில் இல்லை, கேட்டு எழுது. அடுத்த வாரம் போகும்போது போனில் பதிவு செய்யச் சொன்னால் இன்னும் நல்லது. முடிவு மட்டும் இடிக்கிறது. சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் படம் எப்படி முடியும்? மகள் சாகலாமா என்று யோசிக்கிறேன். தாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது?

தாய்க்கு நீதான் குரல். இந்தத் தடவை கடைசி ரீல் வரை.

அண்ணன்

மே 11

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது குட்டிதான் வீட்டில் இருந்தாள். என் கையெழுத்தைவிட உன் கையெழுத்து அவளுக்குப் பிடிக்கும், சின்ன வயதிலிருந்தே. அதனால் பிரித்துப் படித்திருக்கிறாள். தன்னை நீ எப்படிக் கொல்லலாம் என்று யோசிக்கிற இடத்தை என்னிடம் வாசித்துக் காட்டினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை உனக்கு விவரிக்க மாட்டேன்; எடுத்துக்கொள்வாய்.

நான் ஒரு அண்ணனுக்கு எழுதினேன். நீ அதை அசிஸ்டெண்டுகளை உட்காரவைத்துப் படித்துக் காட்டியிருக்கிறாய். இத்தனை நாள் அக்காதான் நம் வீட்டில் நெஞ்சில்லாதவள் என்று நினைத்திருந்தேன். அவள் தன் பெண்ணை மறந்ததை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். நீ குட்டியை நினைவில் வைத்திருப்பது இதற்குத்தானா?

குரல் கிடையாது. பதிவும் கிடையாது. வேறு தொண்டை இருபது நிமிஷத்தில் அழும், உனக்குத்தான் தெரியுமே.

நேற்று அக்கா இங்கே வந்திருந்தாள். குட்டி அழைத்து வந்தாள். காலையில் வந்தவள், விளக்கு வைத்த பிறகு போனாள். நான் அவளிடம் என்ன சொன்னேன், அவள் எனக்கு என்ன சொன்னாள், யார் முதலில் அழுதது, யாராவது அழுதார்களா என்பதெல்லாம் உனக்கு இல்லை.

தங்கை