மலைப்பாதையில் ஒரு பூட்ஸ் தடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

மலையேற வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க மரங்களில் மஞ்சள் பெயிண்டால் குறி போடுவதுதான் இன்னும் என் வேலை. கடைசி மரத்துக்குப் போவதற்குள் முதல் மரத்தில் பாசி ஏறிவிடுகிறது. திரும்பவும் போடுகிறேன். ஏழு மாதமாக ஒருவரும் வரவில்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை. பனிமூட்டத்தில் குறி போட்டுக்கொண்டே போனபோது சேற்றில் புதிதாக ஒரு பூட்ஸ் தடம் தெரிந்தது. டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, "சார், சார்!" என்று கத்திக்கொண்டே தடத்தின் பின்னால் ஓடினேன். அரை மணி நேரத்தில் என் பெயிண்ட் டப்பாவே எதிரே இருந்தது. வட்டமாகவே குறி போட்டு வந்திருக்கிறேன். தடமும் என்னுடையதுதான்.

சாமான் கொண்டுவரும் கழுதைக்காரர் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "உன்னையும் என் கழுதையையும் விட்டா இந்தக் காட்டுக்கு எவன்யா வருவான்?" என்றார். நானும் சிரித்தேன்.

ஊசி, தடித்த நூல், உங்கள் பழைய செருப்பு ஒரு ஜோடி அனுப்புங்கள் அப்பா. உங்கள் அளவுதான் எனக்கும். போகும்போது பூட்ஸ், வரும்போது செருப்பு என்று நடந்தால் பாதையில் இரண்டு பேர் தடம் இருக்கும்.

கழுதைக்காரர் அவசரப்படுத்துகிறார். மழைக்காலம் முடிந்துதான் இனி மேலே ஏறுவாராம். அம்மாவிடம் என் பூட்ஸ் கிழிந்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகன்