அடைமழையில் பார்த்த வீடு

திருவையாறு,
ஐப்பசி.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் தம்பி சித்திரையில் பேசி முடித்த வீட்டை வாங்க விடாமல், மழைக்காலம் வரட்டும் என்று நான் தடுத்தேன். அதற்காக துபாயிலிருந்து பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டில், எல்லோரும் கேட்க என்னைத் திட்டியிருந்தீர்கள். அந்த வீட்டுச் சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது.

போன வாரம் அடைமழையில் தம்பியை அங்கே கூட்டிப்போனேன். கூடத்தில் வாய்க்கால் தண்ணீர் நின்றது, கெண்டைக் குஞ்சு நீந்தியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, “இனிமே நீங்களே பாருங்க அண்ணி” என்றார்.

நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். மேட்டுத் தெருவில், அதே மழையில், உள்ளே சொட்டுத் தண்ணீர்கூட வராத வீடு. இன்று என் பெயரில் பதிவும் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து உங்கள் தம்பிதான்.

அடுத்த கேசட்டையும் எல்லோரும் கேட்கத்தான் போடுவேன். யோசித்துப் பேசுங்கள்.

உங்கள் மனைவி,
வீட்டுச் சொந்தக்காரி.