நிற்கும்போது நடுங்கும் வண்டி

போன இடத்திலும் என் வாய்க்குப் பயந்துகொண்டிருக்கும் என் மாமாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இங்கே நாங்கள் இருக்கிறோம். நம் பொண்ணு மாலாவுக்குத் தொழிற்பேட்டையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் அதே அடுப்பில்தான் சமைக்கிறேன். மத்தியானச் சாப்பாடு அதே இரும்புக் கம்பெனிக்குத்தான் போகிறது. ஒரே ஒரு வித்தியாசம், டிரைவர் சீட்டில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிரிக்காதே. லைசென்ஸ் வாங்கித்தான் ஓட்டுகிறேன். மைதானத்தில் உன் பிக்கப்பை வைத்து நான் எட்டுப் போட்டதைப் பார்த்து இன்ஸ்பெக்டரே இன்னொரு தரம் போடு என்றார், நம்பிக்கை வராமல். இன்னொரு தரமும் போட்டேன். ஆனால் பெருமையடிக்க இதை எழுதவில்லை. உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். ஊரே கேட்டாலும் கேட்கட்டும்.

வண்டி ஓடும்போது ஒரு குறையும் கிடையாது. நின்றால்தான் பேஜார். கம்பெனி கேட்டில் பாஸ் பார்க்கும் வரிசை இருக்கிறதே, அங்கே நியூட்ரலில் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரை விட்டதும் குளிர்ஜுரம் கண்ட மாதிரி வண்டி முழுக்க நடுங்கும். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நிற்கும் ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரியும். சாம்பார் அண்டாவின் மூடி கடகடவென்று அடித்துக்கொள்ளும். துணி போட்டு இறுக்கிக் கட்டினாலும் ஓரத்தில் வழியும். அண்டாவுக்கு அடியில் கோணிப்பையை மடித்து வைத்துப் பார்த்தேன். கோணி வயிறு முட்டச் சாம்பார் குடித்ததுதான் மிச்சம்.

உன் பக்கத்து சீட்டில் எத்தனை வருஷம் உட்கார்ந்து வந்திருக்கிறேன்? ஒரு நாளாவது இப்படி நடுங்கியதா? இல்லையே. அப்போது நான் என்ன நினைப்பேன்? நான் தொட்டதால்தான் கெட்டது என்றுதானே? கிளட்சைச் சரியாக மிதிக்கத் தெரியவில்லை, கியரைக் குத்திக் குத்திப் போட்டேன், பள்ளத்தில் இறக்கினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

உன் அண்ணன் அதை வாய்விட்டே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“ஆம்பள ஓட்டின வண்டி செல்வி. பொம்பள கைய தாங்கல. இப்பவே குடுத்துடு. இன்னும் கொஞ்ச நாள் போனா இரும்புக் கடைக்குத்தான் போவும்” என்றார்.

பெரியபாளையத்தில் கோயில் கடைகளுக்குப் பூ ஏற்றும் ஒருவர் வாங்கிக்கொள்கிறாராம், வெள்ளிக்கிழமை கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அண்ணன் கெட்ட மனிதரில்லை, உனக்கே தெரியும். உன் காரியத்துக்கு ஓடி ஓடிச் செய்தவர்.

வண்டி போனால் சாப்பாட்டு வேலையும் போகும், அது ஒரு பக்கம். ஆனால் எனக்கு வேறொன்றுதான் பெரிதாக இருந்தது. புருஷன் வருஷக்கணக்காக ஒரு சத்தமில்லாமல் ஓட்டிய வண்டியைப் பொண்டாட்டி கொஞ்ச நாளில் பாழாக்கி விற்றாள் என்ற பேரோடு மிச்ச காலத்தை எப்படித் தள்ளுவது? உன்னிடம் என்ன சொல்வது?

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பவானி அம்மனை வேண்டிக்கொண்டு பானெட்டில் வேப்பிலை கட்டினேன். பங்க்கில் யாரோ சொன்னார்கள் என்று டீசல் பில்டரையும் மாற்றினேன். வேப்பிலையும் சேர்ந்து நடுங்கியது. கடைசியில் மாலாதான் லீவு போட்டுவிட்டு என்னை ரெட்டம்பேடு ரோட்டில் மெக்கானிக் மஸ்தானின் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவரை உனக்குத் தெரியாது. நீதான் யார் கையிலும் வண்டியை விட்டதில்லையே, ஆயில் மாற்றுவதைக்கூட வாசலில் படுத்துக்கொண்டு நீயே செய்வாயே.

மஸ்தான் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. டாக்டர் மாதிரி கேள்வி கேட்டார். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகமா, சூடானதும் அதிகமா? எப்போதும் ஒரே மாதிரிதான் என்றேன். கிளட்சை மிதித்துப் பிடிக்கச் சொன்னார், நடுக்கம் குறையவில்லை. ஆக்சிலேட்டரை லேசாகத் தொடச் சொன்னார். தொட்டேன், அடங்கிவிட்டது. விட்டேன், திரும்ப ஜுரம்.

அப்புறம் என்ஜினுக்கு டீசல் பீய்ச்சும் நாசில்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினாலும் என்ஜின் ஒரே மாதிரி தடுமாறியது. எல்லாமே ஒழுங்காக வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தமாம், ஒன்று சோம்பேறியாக இருந்தால் அதைக் கழற்றும்போது மட்டும் வித்தியாசமே தெரியாதாம். என்ஜின் நல்லா இருக்கிறது என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பிறகு ஒரு மரக்கட்டையை வைத்து, ஜாக்கியால் என்ஜினை அடியிலிருந்து கொஞ்சூண்டு தூக்கினார். நடுக்கம் பட்டென்று நின்றது. நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், மாமா. ஸ்டியரிங்கில் வைத்திருந்த என் கை அப்படியே நின்றது. மஸ்தான் டார்ச் அடித்து என்னைக் கீழே கூப்பிட்டார். என்ஜினும் வண்டியின் சட்டமும் சேரும் இடத்தில் மெத்தை மாதிரி ஒரு ரப்பர் இருக்கிறது, மவுண்டிங் என்கிறார்கள். என்ஜினின் ஆட்டம் வண்டிக்கு வராமல் வாங்கிக்கொள்வது அதுதான். அது கிழிந்து அமுங்கிப்போயிருந்தது. கிழிசலுக்குள் ஆயிலும் மண்ணும் கல்லாக இறுகியிருந்தன. பக்கத்தில் இரும்பும் இரும்பும் உரசி உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

“அக்கா, இது உன் கைல கியிஞ்சது இல்ல. வருஷக்கணக்கா இப்டித்தான் கெடக்குது. அண்ணன் ஓட்டிக்கினு இருந்தப்பவே போயிருக்கும்” என்றார்.

நான் விடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள் நான், எனக்குத் தெரியாமலா என்று எகிறினேன். அவர் பொறுமையாக ஒன்றே ஒன்று கேட்டார்.

“வண்டி நிக்கும்போது அண்ணன் கால எங்க வெச்சிக்கினு இருப்பாரு?”

அப்போதுதான் உன் கால் என் கண் முன்னால் வந்தது.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது, கம்பெனி வாசலில் நிற்கும்போது, உன் வலது கால் ஆக்சிலேட்டரை விட்டதே இல்லை. லேசாக, தூங்கும் குழந்தையைத் தட்டுகிற மாதிரி அழுத்திக்கொண்டே இருப்பாய். நான்தான் கத்துவேன், டீசல் என்ன ஓசியிலா வருகிறது, எதற்குச் சும்மா உறும விடுகிறாய் என்று. வண்டி தூங்கிவிடும்டி என்பாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? ஒரு நாள் வண்டியை ஷெட்டில் விட்டால் அத்தனை பேர் மத்தியானம் பட்டினி என்றா? இல்லை, நான் கவலைப்படுவேன் என்றா?

ரப்பரோடு போயிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். நெஞ்சையும் அப்படித்தானே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாய், பாவி? கேஸ் என்றாய். சோடா குடித்தாய். நீ போன அன்று காலையிலும் ஏப்பம் விட்டுக் காட்டி, பார்த்தாயா சரியாப் போச்சு என்று சிரித்தாய். மஸ்தான் ஷெட்டில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்த மனிதர் டீ வாங்கி வருகிறேன் என்று அந்தப் பக்கமாகப் போய்விட்டார்.

புது ரப்பர் மாட்டி வீட்டுக்கு வரும் வழியில், மாலா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ம்மா, உனுக்கு எதனா பண்ணுதா? மறைக்காம சொல்லு.”

எனக்கு இன்னாடி, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றுதான் வாயில் வந்தது. வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டினேன். கொஞ்ச நாளாக என் இடது கை மரத்துப்போகிறது, கரண்டி நழுவுகிறது, தலை சுற்றுகிறது, இதையெல்லாம் சொன்னேன். உன்னை மாதிரி அவள் சிரித்து மழுப்பவில்லை, என்னை மாதிரி கத்தவும் இல்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு விடு என்றாள். சர்க்கரையாம். மாத்திரை போட்டு வாயைக் கட்டினால் அடங்கும் என்றார் டாக்டர். நானும் கட்டியிருக்கிறேன். சர்க்கரை இல்லாத டீ இருக்கிறதே, அது பாத்திரம் கழுவிய தண்ணீர்.

வெள்ளிக்கிழமை உன் அண்ணன் ஆளோடு வந்தார். நான் ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். சீட்டில் யாருமில்லாமல் வண்டி தானாக, அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் பானெட்டில் கையை வைத்தார். என்னத்தை மாற்றினாய் என்று கேட்டார். ரப்பரையும் உன் காலையும் பற்றிச் சொன்னேன். பானெட்டை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

“சின்னப் புள்ளையிலயே அவன் அப்டித்தான். கால்ல முள்ளு ஏறினாகூட நொண்டாம நடந்து காட்டுவான்” என்றார்.

அப்புறம் வந்தவரிடம் திரும்பி, இது விற்கிற வண்டி இல்லை, வீணாக அலைய வைத்துவிட்டேன் என்று அவரே சொல்லி அனுப்பினார். என் பக்கம் வந்து கையெடுத்துக் கும்பிடப் பார்த்தார். நான் தடுத்துவிட்டேன், மாமா. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

உனக்கு ஒரு சத்தியம் பண்ணித் தருகிறேன். இனி இந்த வீட்டில் எது நடுங்கினாலும், வண்டியோ நானோ, பக்கத்தில் இருப்பவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுவேன். மாலாவையும் சொல்ல வைப்பேன்.

இன்று கம்பெனி வாசலில் வரிசை நீளம். நியூட்ரலில் போட்டுவிட்டு, இரண்டு காலையும் மடக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வண்டி அசையவில்லை. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். எத்தனை வருஷம் வலித்திருக்கும் அந்தக் கால்? போதும் மாமா. எடுத்துவிடு. நான் பிடித்துக்கொண்டேன்.

உன்னைத் திட்டாமல் ஒரு நாளும் தூங்காத,
உன் பொண்டாட்டி செல்வி